ஆட்டுனைட் குடும்பம்: நீரேறிய யுரேனியம் பாஸ்பேட் கனிமங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீரேறிய யுரேனியம் பாஸ்பேட் கனிமங்கள் என்று எவற்றைக் குறிப்பிடுகிறோம்?

யுரேனியம், பாஸ்பேட், நீர் ஆகிய மூன்றும் படிகக் கட்டமைப்பில் நிலையான இடம் பெற்றிருக்கும் இயற்கைக் கனிமங்களை இப்பெயரால் குறிப்பிடுகிறோம். இங்கே நீர் என்பது கல்லின் மேல் ஒட்டியிருக்கும் ஈரம் அன்று. குறிப்பிட்ட எண்ணிக்கையில், குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்துள்ள படிக நீராகும். இவற்றுள் பெரும்பாலானவை பூமியின் ஆழத்தில் பாறைக்குழம்பு குளிர்ந்தபோது தோன்றியவை அல்ல. முன்னரே இருந்த யுரேனியத் தாது, மழைநீரும் காற்றும் எட்டக்கூடிய ஆழத்தில் சிதைந்து, அதிலிருந்து கரைந்து வந்த யுரேனியம் பாஸ்பேட்டைச் சந்தித்த இடத்தில் பிறந்த இரண்டாம் நிலைக் கனிமங்கள் அவை.

இக்குடும்பத்தில் மிகப் பரவலாக அறியப்பட்டது ஆட்டுனைட். ஒரு கால்சியம் அயனி, இரண்டு யுரேனைல் அயனிகள் (ஒரு யுரேனியமும் இரண்டு ஆக்சிஜனும் பிணைந்தவை), இரண்டு பாஸ்பேட் தொகுதிகள், அவற்றுடன் 10 முதல் 12 வரையிலான நீர் மூலக்கூறுகள் என்பது அதன் இயைபு. எடையில் ஏறத்தாழ பாதி யுரேனியம்தான். பிரான்சின் ஓத்தூன் நகரை அடுத்த பகுதியில் கிடைத்ததால் 1852இல் அதற்கு அந்த ஊரின் பெயர் வழங்கப்பட்டது.

ஏறத்தாழ ஒரே இயைபுதான் என்றால், இத்தனை பெயர்கள் ஏன்?

யுரேனைலும் பாஸ்பேட்டும் மாறாமல் இருக்க, உடனிருக்கும் நேரயனி மட்டும் இடத்துக்கு இடம் மாறுவதே காரணம். கால்சியத்தின் இடத்தில் தாமிரம் வந்தால் டோர்பெர்னைட். மக்னீசியம் வந்தால் சலேயைட். பேரியம் வந்தால் யுரேனோசெர்சைட். இரும்பு வந்தால் பாசெட்டைட். அலுமினியம் வந்தால் சபுகலைட். பொட்டாசியம் வந்தால் மெட்டா-அங்கோலியைட். உலோகமே இல்லாமல் ஹைட்ரோனியம் அயனி (ஹைட்ரஜன் அயனி சேர்ந்த நீர் மூலக்கூறு) அந்த இடத்தை நிரப்பினால் செர்னிகோவைட் என்று பெயர். டோர்பெர்னைட்டுக்கு ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் டோர்பெர்ன் பெர்க்மனின் பெயர் சூட்டப்பட்டது. மற்றவற்றில் பல, கிடைத்த ஊரின் பெயரையோ சுரங்கத்தின் பெயரையோ தாங்கியுள்ளன.

யுரேனியத்துக்கும் பாஸ்பரசுக்கும் உள்ள விகிதம் மாறும்போது வேறு குடும்பங்கள் தோன்றுகின்றன. ஆட்டுனைட் குடும்பத்தில் அவ்விகிதம் 1:1. பாஸ்புரேனைலைட் குடும்பத்தில் 3:2. இப்பக்கம் பெரும்பாலும் முதல் குடும்பத்தைப் பற்றியதே.

இவற்றின் உள்ளமைப்பு எப்படிப்பட்டது?

ஆறு என்ற ஆக்சிஜனேற்ற நிலையில் உள்ள யுரேனியம் தனித்த அயனியாக நிற்பதில்லை. இருபுறமும் நேர்கோட்டில் இரண்டு ஆக்சிஜன் அணுக்களை மிக நெருக்கமாகப் பிணைத்துக்கொண்டு யுரேனைல் என்னும் அயனியாகவே இயங்குகிறது. அந்தக் கோட்டுக்குச் செங்குத்தான தளத்தில், யுரேனியத்தைச் சுற்றி மேலும் நான்கு ஆக்சிஜன்கள் சதுரமாக அமைகின்றன. அந்த நான்கில் ஒவ்வொன்றும் ஒரு பாஸ்பேட் நான்முகியின் மூலையும் ஆகும். ஒவ்வொரு நான்முகியும் நான்கு யுரேனியங்களை இணைக்கிறது. இப்படி இரு திசைகளிலும் தொடர்ந்து பரவும்போது ஒரு தாள் உருவாகிறது. அத்தாள் எதிர்மின் சுமை கொண்டது. அச்சுமையைச் சமன்செய்ய, அடுத்தடுத்த தாள்களுக்கு நடுவே கால்சியமோ தாமிரமோ அமர்கிறது. நீர் மூலக்கூறுகளும் அங்கேதான் உள்ளன. சில உலோக அயனியைச் சுற்றி நிற்கின்றன, சில ஹைட்ரஜன் பிணைப்பால் மட்டும் பிடிபட்டிருக்கின்றன.

மெட்டா-ஆட்டுனைட்டின் கட்டமைப்பை 1938இலேயே பெயின்டெமா விளக்கியிருந்தாலும், முழுமையாக நீரேறிய ஆட்டுனைட்டின் துல்லியமான அணு அமைப்பு 2003இல்தான் வெளிவந்தது. ஆண்ட்ரூ லோகாக், பீட்டர் பர்ன்ஸ் ஆகிய இருவரும் செயற்கையாக வளர்த்த படிகத்தை ஆராய்ந்து, அதில் 11 நீர் மூலக்கூறுகள் உள்ளன என்றும், சதுர வடிவம் காட்டும் அப்படிகம் உண்மையில் செஞ்சாய்சதுரச் சமச்சீர் (ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று அச்சுகளும் வெவ்வேறு நீளமுடைய அமைப்பு) கொண்டது என்றும் காட்டினர். அறுபத்தைந்து ஆண்டு இடைவெளிக்குக் காரணம் ஆர்வமின்மை அன்று. அளவெடுக்கும்போதே நீரை இழந்து உருமாறிவிடும் படிகத்தை வைத்துக்கொண்டு துல்லியமாக வேலை செய்வது எளிதன்று.

இந்த அமைப்பு கையில் எடுத்துப் பார்க்கும்போது எப்படித் தெரிகிறது?

தாளுக்குள் உள்ள பிணைப்புகள் உறுதியானவை. தாள்களுக்கு இடையே உள்ளவை தளர்வானவை. ஆகவே படிகங்கள் தட்டையான சதுரத் தகடுகளாக வளர்கின்றன. காக்காப்பொன்னைப் போல ஏடு ஏடாக உரிகின்றன. மோ அளவுகோலில் ஆட்டுனைட்டின் கடினத்தன்மை 2 முதல் 2.5 வரைதான், நகத்தால் கீறினாலே தடம் விழக்கூடிய மென்மை. யுரேனியம் என்றதும் ஈயத்தை மிஞ்சும் கனத்தை எதிர்பார்ப்பவர்களுக்கு அதன் ஒப்படர்த்தி வியப்பளிக்கும்: 3.1 முதல் 3.2 வரை மட்டுமே. பிட்ச்பிளெண்டு போன்ற ஆக்சைடு தாதுக்களோ இதைப் போல இரு மடங்குக்கு மேல் அடர்ந்தவை. தாள்களுக்கு நடுவே நீர் அடைத்துக்கொண்டிருக்கும் இடமே இந்த வேறுபாட்டுக்குப் பெரும் காரணம்.

பெயருக்கு முன்னால் ‘மெட்டா’ என்று வருவது எதைக் குறிக்கிறது?

நீரின் ஒரு பகுதியை இழந்த வடிவத்தைக் குறிக்கிறது. ஆட்டுனைட் உலர்ந்த காற்றில் இருக்கும்போது சிறிது சிறிதாக நீரை விட்டு, 6 முதல் 8 நீர் மூலக்கூறுகள் மட்டும் கொண்ட மெட்டா-ஆட்டுனைட்டாக மாறுகிறது. அப்போது தாள்களுக்கு இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 1.03 நானோமீட்டரிலிருந்து 0.85 நானோமீட்டர் அளவுக்குக் குறைகிறது. ஆறில் ஒரு பங்கு சுருக்கம் என்பது படிகத்துக்குச் சிறிய விஷயம் அன்று. அது ஒரு திசையில் மட்டும் நிகழ்வதால் தகடுகளில் விரிசல் விழுகிறது, விளிம்புகள் பிரிகின்றன, பளபளப்பு மங்குகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் மலையிலுள்ள டேபிரேக் சுரங்கத்திலிருந்து வந்த அழகிய விசிறி வடிவ மாதிரிகள்கூட, கவனிப்பின்றி அலமாரியில் கிடந்தால், அடியில் மஞ்சள் செதில்களை உதிர்க்கத் தொடங்கிவிடும். அருங்காட்சியகங்கள் இதைத் தடுக்க மெல்லிய அரக்குப் பூச்சு கொடுப்பதும், காற்றுப்புகாத பெட்டியில் வைப்பதும் உண்டு. உதிர்ந்த ஏடுகளுக்கு மீண்டும் ஈரம் காட்டினாலும் அவை பழைய படிகமாகக் கூடுவதில்லை.

டோர்பெர்னைட்டின் கதையும் இதுவே: 12 நீர் மூலக்கூறுகள் கொண்ட அது, 8 மட்டும் கொண்ட மெட்டா-டோர்பெர்னைட்டாகிறது. வெளி வடிவம் டோர்பெர்னைட்டாகவே இருக்க உள்ளமைப்பு மட்டும் மாறிய மாதிரிகள் சேகரிப்புகளில் ஏராளம். பெயர்ச்சீட்டில் ‘டோர்பெர்னைட்’ என்று எழுதியிருப்பதை, எக்ஸ் கதிர் விளிம்பு விலகல் சோதனை இல்லாமல் முழுவதுமாக நம்ப வேண்டியதில்லை.

ஆட்டுனைட் இருட்டில் ஒளிர்கிறது. டோர்பெர்னைட் ஏன் ஒளிர்வதில்லை?

முதலில் ஒரு திருத்தம்: ஆட்டுனைட் தானாக ஒளிர்வதில்லை. புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால்தான் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் கலந்த பச்சை ஒளியை வீசுகிறது. விளக்கை அணைத்தால் ஒளியும் நின்றுவிடும். கதிரியக்கத்துக்கும் இந்த ஒளிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. புற ஊதாக் கதிரை உறிஞ்சும் யுரேனைல் அயனியில், ஆக்சிஜனைச் சார்ந்த எலக்ட்ரான் ஒன்று யுரேனியத்தின் வெற்று ஆர்பிட்டாலுக்குத் தாவுகிறது. அது திரும்பும்போது 500 நானோமீட்டருக்குச் சற்று மேலே, அடுத்தடுத்த சில பட்டைகளாகப் பச்சை ஒளி வெளிப்படுகிறது.

டோர்பெர்னைட்டிலும் அதே யுரேனைல்தான் உள்ளது. ஆனால் அருகிலுள்ள தாமிர அயனி, கிளர்ந்த யுரேனைலின் ஆற்றலை வாங்கிக்கொண்டு ஒளியாக அன்றி வெப்பமாகச் செலவிட்டுவிடுகிறது. பாசெட்டைட்டில் இரும்பும் இதே வேலையைச் செய்கிறது. டோர்பெர்னைட்டின் மரகதப் பச்சை தாமிரம் தந்த நிறம்; ஆட்டுனைட்டின் எலுமிச்சை மஞ்சள் யுரேனைலின் சொந்த நிறம்.

இவை நிலத்துக்குள் எப்படி உருவாகின்றன?

தொடக்கம் பெரும்பாலும் நான்கு என்ற ஆக்சிஜனேற்ற நிலையில் உள்ள யுரேனியத்திலிருந்து நிகழ்கிறது. கிரானைட்டிலோ தாது நரம்பிலோ உள்ள யுரேனினைட்டும் பிட்ச்பிளெண்டும் அந்த நிலையில், ஆக்சிஜன் இல்லாத நிலத்தடி நீரில் கரையாமல் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடக்கக்கூடியவை. நில அரிப்பினால் பாறை மேலே வந்தோ, நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்தோ, ஆக்சிஜன் கலந்த மழைநீர் அவற்றை எட்டும்போது நிலைமை மாறுகிறது. யுரேனியம் இரண்டு எலக்ட்ரான்களை இழந்து யுரேனைலாகிறது; யுரேனைல் நீரில் எளிதில் பயணிக்கும். நீரில் பைகார்பனேட் மிகுந்திருந்தால் அது யுரேனைலுடன் அணைவுச் சேர்மமாகி, இன்னும் தொலைவுக்குக் கொண்டுசெல்லும்.

அந்தப் பயணம் எங்கே முடிகிறது என்பது வழியில் எது எதிர்ப்படுகிறது என்பதைப் பொறுத்தது. வனடேட் மிகுந்த வறண்ட நிலத்தில் கார்னோடைட் படியும். சிலிக்கா மிகுந்த, சற்றே காரத்தன்மையுள்ள நீரில் யுரேனோபேன் போன்ற சிலிக்கேட்டுகள் தோன்றும். ஆர்சனேட் கிடைத்தால் ஆட்டுனைட்டைப் போன்ற கட்டமைப்புடைய ஆர்சனேட் கனிமங்கள் பிறக்கும். பாஸ்பேட் கரைந்திருந்து, நீர் சற்று அமிலத்தன்மையிலிருந்து நடுநிலை வரையிலான எல்லைக்குள் இருந்தால், மிகக் குறைந்த செறிவிலேயே யுரேனைல் பாஸ்பேட் வீழ்படிகிறது. எந்த உலோகம் உடன் சேர்கிறது என்பது சுற்றியுள்ள பாறையின் விவகாரம். சால்கோபைரைட் போன்ற தாமிர சல்பைடுகள் உள்ள இடத்தில், அவை ஆக்சிஜனேற்றமடையும்போது அமிலமும் தாமிர அயனியும் ஒருங்கே வெளிப்படுகின்றன; இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலும் காங்கோவின் கட்டாங்கா பகுதியிலும் டோர்பெர்னைட் வகைகள் சிறப்பாகக் கிடைப்பதற்கு இதுவே பின்னணி. சாதாரண கிரானைட் நிலத்தில் ஃபெல்ஸ்பார் சிதைந்து கால்சியம் தருகிறது, ஆட்டுனைட் பிறக்கிறது.

அமிலத்தன்மை மிகுந்த கரைசலில் முதலில் செர்னிகோவைட்டை ஒத்த சேர்மம் படிந்து, பிறகு அதன் ஹைட்ரோனியத்தைக் கால்சியமோ வேறு உலோகமோ இடம்பெயர்ப்பதும் நடக்கும். தாள்களுக்கு நடுவில் உள்ள அயனிகளை இப்படி மாற்றிக்கொள்ளும் இயல்பு இக்குடும்பம் முழுவதற்கும் பொது. ஆகவே ஒரு மாதிரியில் நாம் காணும் கனிமம், அங்கு முதலில் படிந்ததாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அந்தப் பாஸ்பேட் எங்கிருந்து வருகிறது?

முதன்மையாக அபடைட்டிலிருந்து. ஏறத்தாழ எல்லா கிரானைட்டுகளிலும் இக்கால்சியம் பாஸ்பேட் சிறு துகள்களாகச் சிதறிக் கிடக்கிறது. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் உள்ள கூங்காரா யுரேனியப் படிவு இதைத் தெளிவாகக் காட்டிய இடம். அங்கே மக்னீசியம் மிகுந்த குளோரைட் பாறை சூழ்ந்திருப்பதால் உருவாகும் கனிமம் சலேயைட். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, சிதைந்து அரிக்கப்பட்ட அபடைட் துகளின் மேற்பரப்பிலேயே சலேயைட் படிகங்கள் ஒட்டி வளர்ந்திருப்பது தெரிந்தது. அங்குள்ள நிலத்தடி நீரை மொத்தமாக எடுத்துச் சோதித்துக் கணக்கிட்டால், அது சலேயைட்டைப் பொறுத்தவரை பூரிதமடையாத நீர். கணக்குப்படி அக்கனிமம் உருவாகவே கூடாது. ஆனால் அபடைட் கரையும் அந்த மெல்லிய எல்லையில் மட்டும் பாஸ்பேட்டின் செறிவு உயர்ந்துவிடுகிறது; யுரேனியம் அங்கேயே சிக்கிக்கொள்கிறது. கிணற்றிலிருந்து ஒரு குடுவை நீரை எடுத்து, அதன் சராசரியை வைத்துக் கனிமங்களின் விதியைத் தீர்மானிக்கும் பழக்கத்தை இக்கண்டுபிடிப்பு நன்றாகவே கேள்விக்குள்ளாக்கியது என்பேன்.

ஆக்சிஜன் இல்லாத இடத்தில் யுரேனியம் பாஸ்பேட் கனிமம் உருவாகவே முடியாதா?

முடியும், ஆனால் அரிது. ஜப்பானின் நிங்யோ கணவாயில் கண்டறியப்பட்டு 1959இல் விவரிக்கப்பட்ட நிங்யோயைட், நான்கு என்ற ஆக்சிஜனேற்ற நிலையில் உள்ள யுரேனியத்தைக் கொண்ட நீரேறிய கால்சியம் பாஸ்பேட். அதில் யுரேனைலும் இல்லை, தாள் அமைப்பும் இல்லை. அது வேறு குடும்பம்.

இவை நீரில் கரையுமா?

நடுநிலைக்கு அருகிலுள்ள நீரில் மிக மிகச் சிறிதளவே கரையும். நீருக்கு நடுவே பிறந்து, நீரையே உடலில் தாங்கி, ஆயினும் நீரில் கரைய மறுக்கும் இப்பண்புதான் இன்று இக்கனிமங்கள் மீது சுற்றுச்சூழல் ஆய்வாளர்களின் பார்வை திரும்பியிருப்பதற்குக் காரணம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் கோல்ஸ் ஹில் என்னுமிடத்தில் பெரிய யுரேனியப் படிவு ஒன்று மழைவளம் மிக்க நிலத்தில், ஆக்சிஜன் கலந்த நிலத்தடி நீருக்குள்ளேயே கிடக்கிறது. அவ்வளவு இருந்தும் அந்நீரில் கரைந்துள்ள யுரேனியம் மிகக் குறைவு. பேரியம் கொண்ட யுரேனைல் பாஸ்பேட் அங்கே அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

இருப்பினும் இதை எல்லா நிலைக்கும் பொருந்தும் விதியாகக் கொள்ளலாகாது. வலுவான அமிலம் இவற்றைக் கரைத்துவிடும். பைகார்பனேட் மிகுந்த, காரத்தன்மையுள்ள நீரும் யுரேனைலைப் பாஸ்பேட்டிடமிருந்து பறித்துச் செல்லக்கூடியது.

மாசடைந்த நிலத்தடி நீரைச் சரிசெய்ய இதைப் பயன்படுத்துகிறார்களா?

பயன்படுத்துகிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டு அணுசக்தி வளாகத்தில், அணு உலை எரிபொருள் தயாரிக்கப்பட்ட ‘300 பகுதி’யிலிருந்து கசிந்த யுரேனியம் கொலம்பியா ஆற்றை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அங்கே 2007இல் பாலிபாஸ்பேட் (பாஸ்பேட் தொகுதிகள் சங்கிலியாக இணைந்த சேர்மம்) கரைசலைக் கிணறு வழியாக நிலத்துக்குள் செலுத்தி, யுரேனியத்தை ஆட்டுனைட்டாகப் படியவைக்கும் கள ஆய்வு நடந்தது. தனித்தனித் தொகுதிகளாக உள்ள சாதாரண ஆர்த்தோபாஸ்பேட்டை நேரடியாகச் செலுத்தினால் கிணற்றின் வாயிலேயே கால்சியத்துடன் சேர்ந்து படிந்து அடைத்துக்கொள்ளும். பாலிபாஸ்பேட்டோ மெல்ல மெல்லச் சிதைந்து, தொலைவு சென்ற பிறகே ஆர்த்தோபாஸ்பேட்டைத் தரும். யுரேனியத்தை நிலத்திலிருந்து அப்புறப்படுத்தும் முறை அன்று இது. இருந்த இடத்திலேயே அசையாமல் நிறுத்தும் முறை. நீரின் தன்மை மாறாதவரை அது நிற்கும் என்ற நிபந்தனையை மறந்துவிடக் கூடாது. குடிநீரில் யுரேனியம் லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. இத்தகைய முயற்சிகளை அதனோடு ஒப்பிட்டு மதிப்பிட வேண்டும்.

பாக்டீரியாக்களும் இதைச் செய்கின்றன. கரிமப் பாஸ்பேட்டைச் சிதைக்கும் பாஸ்படேஸ் நொதி கொண்ட சிட்ரோபாக்டர் இனம் ஒன்று, தன் செல்லின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் யுரேனைல் பாஸ்பேட் படிகங்களைத் திரட்டிக்கொள்வதை லின் மகாஸ்கி குழுவினர் 1992இல் வெளியிட்டனர்.

ரேடியம் கண்டுபிடிக்கப்பட்டதில் இக்கனிமங்களுக்குப் பங்கு உண்டா?

உண்டு, அதுவும் தீர்க்கமான பங்கு. 1898இன் தொடக்க மாதங்களில் மேரி கியூரி, கிடைத்த கனிமங்களையெல்லாம் பொடியாக்கி, உலோகத் தட்டின் மேல் பரப்பி, அவை காற்றை அயனியாக்குவதால் எழும் நுண்ணிய மின்னோட்டத்தை அளந்துகொண்டிருந்தார். யுரேனியச் சேர்மங்களில் கதிர்வீச்சு யுரேனியத்தின் அளவுக்கு ஏற்பவே இருந்தது. ஆனால் பிட்ச்பிளெண்டும், அந்நாளில் சால்கோலைட் எனப்பட்ட டோர்பெர்னைட்டும் தூய யுரேனிய உலோகத்தையே மிஞ்சின; சால்கோலைட்டின் மின்னோட்டம் யுரேனியத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். எடையில் பாதிகூட யுரேனியம் இல்லாத கல், முழு யுரேனியத்தை எப்படி மிஞ்ச முடியும்?

கியூரி செய்த அடுத்த சோதனைதான் என் பார்வையில் இந்த ஆய்வின் உச்சம். பிட்ச்பிளெண்டு கலவையான, ஒழுங்கற்ற தாது. அதைச் செயற்கையாகத் தயாரிக்க இயலாது. சால்கோலைட்டோ வரையறுத்த இயைபு கொண்ட படிகம், ஆய்வகத்தில் வளர்க்கக்கூடியது. யுரேனைல் நைட்ரேட் கரைசலை, பாஸ்பாரிக் அமிலத்தில் கரைத்த தாமிரப் பாஸ்பேட்டுடன் கலந்து, 50 அல்லது 60 பாகைக்குச் சூடாக்கி, டெப்ரே என்பவரின் முறையில் செயற்கைச் சால்கோலைட்டைத் தயாரித்தார். இயற்கைக் கனிமத்தின் அதே இயைபு கொண்ட அது, மற்ற யுரேனிய உப்புகளைப் போலவே நடந்துகொண்டது. அதன் கதிர்வீச்சு யுரேனிய உலோகத்தினுடையதில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆகவே இயற்கைச் சால்கோலைட்டில் வேறு ஏதோ ஒரு தனிமம் சிறிதளவு கலந்திருக்க வேண்டும் என்ற முடிவு ஏப்ரல் 12 அன்று பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் பொலோனியமும் டிசம்பரில் ரேடியமும் அறிவிக்கப்பட்டன.

அப்படியானால் இவற்றைக் கையாள்வது ஆபத்தா?

யுரேனியம்-238இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் என்பதால் அதன் தனிக் கதிரியக்கம் மெதுவானது; உடன் சேரும் வழித்தோன்றல் தனிமங்களே கதிர்வீச்சின் பெரும்பகுதிக்குக் காரணம். ஒரு சிறு மாதிரியைச் சிறிது நேரம் பார்வையிடுவதால் பெருந்தீங்கு நேராது. ஆனால் முன்னர் சொன்னபடி இவை ஏடாக உதிர்பவை. உதிர்ந்த தூள் மூச்சிலோ உணவிலோ கலந்தால், தோலைத் தாண்ட முடியாத ஆல்ஃபா துகள்கள் உடலின் உள்ளேயே வேலையைக் காட்டும். யுரேனியம் சிறுநீரகத்துக்கு வேதியியல் நஞ்சும் ஆகும். மூடிய அலமாரியில் ரேடான் வாயு சேரும். எனவே மாதிரியை மூடிய பெட்டியில், காற்றோட்டமான அறையில் வைப்பதும், தொட்டபின் கை கழுவுவதும், அறுப்பதையும் தேய்ப்பதையும் அறவே தவிர்ப்பதும் அடிப்படை ஒழுங்குகள்.

இவை தாதுவாக வெட்டி எடுக்கப்படுகின்றனவா?

டேபிரேக் போன்ற சில சிறிய சுரங்கங்களில் ஆட்டுனைட்டே தாதுவாக எடுக்கப்பட்டது. பொதுவாக இவற்றின் பயன், கீழே முதன்மைத் தாது இருக்கக்கூடும் என்பதற்கு நிலமேற்பரப்பில் அடையாளம் காட்டுவது. ஜார்க்கண்டின் சிங்பூம் தாமிரப் பட்டையிலும் மேற்பரப்பை அடுத்து டோர்பெர்னைட்டும் ஆட்டுனைட்டும் காணப்படுகின்றன. ஜாதுகூடாவில் ஆழத்திலிருந்து வெட்டப்படும் தாது யுரேனினைட்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் இந்த வகையைச் சேர்ந்ததா?

இல்லை. மோனசைட் பாஸ்பேட் கனிமம்தான், கதிரியக்கமும் உடையதுதான். ஆனால் அது அருமண் தனிமங்களின் நீரற்ற பாஸ்பேட். அதில் குறிப்பிடத்தக்க அளவு தோரியமும் சிறிதளவு யுரேனியமும் கலந்துள்ளன. உயர் வெப்பத்தில் பாறைக்குள் உருவாகி, பாறை சிதைந்த பின்னும் தான் சிதையாமல் ஆற்று வழியாகக் கடற்கரையை அடையும் உறுதி அதற்கு உண்டு. ஆட்டுனைட்டின் தகடு அலையில் ஒரு நாள்கூடத் தாங்காது.

இந்தியாவில் இத்தகைய மாதிரியைச் சேகரித்து வைக்கலாமா?

யுரேனியம், நாட்டின் அணுசக்திச் சட்டத்தின் கீழ் வரும் பொருள். அதன் தாதுக்களை எடுப்பது, வைத்திருப்பது, விற்பது, வெளிநாட்டுக்கு அனுப்புவது ஆகியவை அரசு விதிகளுக்கு உட்பட்டவை. வயல்வெளியிலோ கைவிடப்பட்ட சுரங்கக் குவியலிலோ புற ஊதா விளக்கின் கீழ் பச்சையாக ஒளிரும் செதில்களைக் காண நேர்ந்தால், அவற்றைப் பெயர்த்தெடுக்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு, அணுசக்தித் துறையின் அணு கனிமங்கள் ஆய்வு இயக்ககத்துக்குத் தெரிவிப்பதே முறை.